கொல்லும் வரிசை

நாள் 212 / 06:40 / வழக்கமான பதிவு

காற்று சரி. கரியமில வாயு அளவுக்குள். உள்ளே பத்தொன்பது டிகிரி. விளக்கு எரிகிறது.

குறிப்பு எழுதுவது விதி, அதனால் எழுதுகிறேன். ஏழாம் பாறை என்பது ஒரு சிறுகோளின் மேல் திருகி வைத்த மூன்று தகரப் பீப்பாய். எரிபொருள் கிடங்கு, வானொலி நிலையம், இரண்டு பேர். நான் காளிராஜ். கணினியும் மின்சாரமும் என் பொறுப்பு. இன்னொருவர் ஜெசிந்தா அக்கா, ஓட்டுநர். தூர ஆன்டெனாவைச் சரிசெய்யப் படகில் போனவர், வேலை முடித்துத் திரும்பிக்கொண்டிருக்கிறார். படகு என்று நாங்கள் சொல்வது ஒருவர் மட்டும் உட்காரக்கூடிய சின்ன கலம். போன வாரம் அதில் திசை காட்டும் கருவி செத்துவிட்டது. இனி அவருக்கு வழி காட்டுவது நம் விளக்கு மட்டுமே.

விளக்கு என்றால் வெளிச்சமில்லை. ஊசி போன்ற ரேடியோ கற்றை. அது படகைத் தொடும், படகிலுள்ள பெட்டி தானாக ஒரு பதில் துடிப்பு அனுப்பும், இரண்டையும் வைத்துத் தூரமும் திசையும் கணக்காகும். பேச்சும் அதே கற்றையில்தான். விளக்கு போனால் எந்த இடத்தில் பிரேக் போடுவது என்று அக்காவுக்குத் தெரியாது. போடாவிட்டால் பாறையைத் தாண்டிப் போய்விடுவார். திரும்பி வர எரிபொருள் கிடையாது. விஷயம் அவ்வளவுதான்.

இந்தக் குறிப்பும் விளக்கின் துடிப்புக்கு வாலாக ஒட்டிப் போகிறது. காதில் விழுகிறவர் எடுத்துக்கொள்ளலாம்.

படகிலிருந்து: "லே காளி, முழிச்சிருக்கியா? நான் ராத்திரி நல்லா ஒறங்கிட்டேன். நான் ஒறங்குனாலும் பெட்டி ஒனக்குப் பதில் சொல்லிக்கிட்டுதான இருக்கும், பயந்திராத. எனக்குன்னு வச்ச கருவாட்டுப் பொட்டலத்தத் தொட்டன்னா பாரு."

நான்: "தொடலக்கா. மோந்து மட்டும் பாத்தேன்."

இரண்டாம் டிஸ்கில் படிப்புப் பிழை பதினாறு. நேற்று மூன்று. கவனிக்க வேண்டும்.

நாள் 213 / 14:05 / டிஸ்க்

கவனிக்க நேரம் கிடைக்கவில்லை. காலையில் சூரியப் புயல். பீப்பாய்ச் சுவர் மெல்லிது என்று இதைக் கட்டிய நாளிலிருந்தே எல்லோருக்கும் தெரியும். இரண்டாம் டிஸ்க் போய்விட்டது. முதல் டிஸ்க் பாதி படிக்கிறது, பாதி குப்பையைத் தருகிறது. விளக்கு நிரல் இன்னும் ஓடுவது அது ஏற்கெனவே மெமரியில் ஏறிவிட்டதால் மட்டுமே. ஒரு தடவை தடுக்கினால் மறுபடி எழாது.

மெமரியிலும் அங்கங்கே செல்கள் சாகின்றன. கெட்ட பக்கங்களைக் கர்னல் ஒதுக்கி வைக்கிறது. கர்னல் என்பது இந்தக் கணினியை ஓட்டும் லினக்ஸின் நடுமண்டை. மெமரியை யாருக்கு எவ்வளவு என்று பங்கு பிரிப்பது அதுதான்.

பூமியில் எங்கள் மேலதிகாரி சிவசைலம் சாருக்கு எழுதினேன். டிஸ்க் இல்லாமல், ரூட்டை மெமரியில் வைத்து எழுப்பப் போகிறேன், என்ன சொல்கிறீர்கள் என்று. செய்தி போகவே அரைமணிக்கு மேல் ஆகும். அவர் டீ குடித்து, யோசித்து, பதில் எழுதி, அது வந்து சேர வேண்டும்.

நாள் 213 / 15:30 / தேர்வு

பின்னால் வருகிறவர் ஏன் இப்படி என்று கேட்கக்கூடாது என்பதற்காகக் காரணத்தை எழுதி வைக்கிறேன்.

ரூட் என்பது எல்லா ஃபைல்களையும் மாட்டுகிற ஆணி. வழக்கமாக டிஸ்கில் இருக்கும். டிஸ்க் இல்லையென்றால் மெமரியிலேயே அடிக்கலாம். மொத்த அமைப்பின் சுருக்கிய நகல் அவசரச் சிப்பில் இருக்கிறது.

நகலைச் சிப்பிலேயே விட்டுவிட்டு, மாறுவதை மட்டும் மெமரியில் அடுக்கி ஓட்டுவது ஒரு வழி. மெமரி மிச்சமாகும். ஆனால் ஒவ்வொரு ஃபைலுக்கும் சிப்பைத் தொட வேண்டும், சிப்பும் புயலில் நனைந்த சிப்தான். சோதித்துப் பார்த்ததில் மூன்றுக்கு ஒரு தடவை பிழை. வேண்டாம். ஒரே மூச்சில் முழுசாக மெமரிக்கு ஏற்றிவிட்டு, சிப்பை மறந்துவிட வேண்டும்.

மெமரியில் என்றால் இரண்டு வகை. ராம்-எஃப்எஸ்ஸுக்கு வரம்பே கிடையாது. எழுத எழுத வீங்கும். மெமரி தீர்ந்தால் கர்னல் ஓடுகிற நிரல்களில் எது பெருத்ததோ அதைக் கொல்லும். இடம் போதாவிட்டால் அடுத்ததைக் கொல்லும். மெமரியைத் தின்றது ஃபைல் என்றாலும் சாவது நிரல்தான். டெம்ப்-எஃப்எஸ் அதன் ஒழுங்கான தம்பி. வரம்பு உண்டு. நாம் சொல்லாவிட்டால் பாதி மெமரியை எடுத்துக்கொள்ளும். வரம்பைத் தொட்டால் "இடமில்லை" என்று எழுத்தை மறுக்கும். எழுதியவன் உயிரோடு இருப்பான்.

மெமரி நான்கு ஜிபி. அமைப்பு விரிந்தால் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. விளக்கு நிரல் ஒரு ஜிபி. காற்று நிரல் சின்னது. படகு போகும் வழியைக் குறித்து விளக்கு நிரல் எழுதித் தள்ளும் தடப் பதிவுதான் வளர்ந்துகொண்டே போவது. அது வரம்பில் முட்டி நிற்கட்டும். டெம்ப்-எஃப்எஸ். இதில் யோசிக்க என்ன இருக்கிறது.

சாரின் பதில் இன்னும் வரவில்லை. முதல் டிஸ்க் இப்போது கத்துகிறது. காத்திருக்கப் போவதில்லை.

நாள் 213 / 16:20 / எழுந்தது

சிப் மூன்றாவது முயற்சியில் முழுசாகப் படித்தது. உடனே செத்தது. இனி அதிலிருந்து ஒரு எழுத்துகூட வராது. அமைப்பின் ஒரே நகல் இப்போது மெமரியில். மின்சாரம் ஒரு கணம் போனாலும், நான் மறுபடி பூட் செய்தாலும், இந்த நிலையத்தில் கணினி என்று ஒன்று இருக்காது.

பூட் வரியில், அதாவது எழும்போது கர்னலின் காதில் ஓதும் அந்த ஒரே வரியில், மெமரி நகலைச் சேர்த்தேன். மற்ற சொற்களை அப்படியே விட்டேன்.

விளக்கு நிரல் எழும்போது தன் பழைய தடப் பதிவைப் படித்துத்தான் அக்கா எங்கே என்று தெரிந்துகொள்ளும். அதை டிஸ்க் சாகும் முன்பே மெமரிக்கு நகர்த்தி, புது அமைப்பின் கையில் கொடுத்திருந்தேன். நிரல் படித்தது, திரும்பியது, சரியாக அக்காவைத் தொட்டது. இருட்டாக இருந்தது பதினோரு நிமிடம்.

படகிலிருந்து: "எங்கல போன? நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருக்கேன், அந்தப் பக்கம் ஆளக் காணோம்."

நான்: "வீடு மாத்திட்டேங்கா. எல்லாம் இப்ப மெமரியிலதான் குடித்தனம்."

படகிலிருந்து: "கரண்டு போனா?"

நான்: "எல்லாம் மறந்துரும்."

படகிலிருந்து: "ஒன்னய மாரியே ஒண்ணச் செஞ்சு வச்சிருக்க."

நாள் 213 / 16:50 / சாரின் பதில்

வந்தது. இரண்டு பக்கம். சென்னையில் மழையாம், அவர் தெருவில் முழங்கால் தண்ணீராம். இரண்டாவது பத்தியில்: "டெம்ப்-எஃப்எஸ்தான் சரி காளி, சரியா யோசிச்சிருக்க." போதும். மூடி வைத்தேன்.

நாள் 215 / 09:10 / வழக்கமான பதிவு

காற்று சரி. விளக்கு சரி. தூரம் குறைகிறது. படகு நான்காம் நாள் வந்து சேரும்.

டிஸ்கில் எவ்வளவு இடம் என்று கேட்கும் கட்டளை ரூட்டுக்கு எதுவும் காட்டவில்லை. அளவும் பூஜ்யம், பாக்கியும் பூஜ்யம். மெமரி ரூட்டில் அந்தக் கட்டளை அப்படித்தான் உளறும். தோண்டிப் பார்க்க நேரமில்லை.

அக்கா இன்று முழுக்கப் பேச்சு. தூத்துக்குடியில் தங்கச்சி மகளுக்கு மாதா கோயிலில் முதல் திருவிருந்து. வெள்ளை கவுன் எடுத்தாயிற்றாம். பூமியிலிருந்து வரும் வீடியோவைப் பாறையில் இறங்கினதும் பார்க்க வேண்டுமாம், நான் அதை அழித்துவிடக்கூடாதாம்.

படகிலிருந்து: "ஒனக்குத்தான் எதப் பாத்தாலும் குப்ப மாரித் தெரியும். அழிச்சிருவ."

நான்: "தெரிஞ்சே அழிக்க மாட்டேங்கா."

நாள் 216 / 20:00 / வழக்கமான பதிவு

தடப் பதிவு இன்று வரம்பைத் தொட்டிருக்க வேண்டும். "இடமில்லை" செய்தி இன்னும் வரவில்லை. என் கணக்கைவிட மெதுவாக வளர்கிறது போலும். நல்லது.

நாள் 217 / 08:30 / திருத்தம்

காலையில் அக்கா எஞ்சினைச் சிறிது எரித்துப் பாதையைத் திருத்தினார். விளக்கு சொன்ன எண்ணுக்கு அப்படியே எரித்தார். அழகான வேலை. நாளை மதியம் பிரேக். புதிய தடம் நிரலுக்குத் தெரியும். பூமிக்குத் தடத்தின் தினச் சுருக்கம் அனுப்ப வேண்டும். நேற்றையது அனுப்பியாயிற்று, இன்றையது சாயங்காலம்.

நாள் 217 / 11:52

விளக்கு நிரல் செத்தது.

நானாக நிறுத்தவில்லை. கர்னல். திரையில்: மெமரி போதவில்லை, நிறுத்தப்பட்டது, விளக்கு.

காவல் நிரல் அதை எழுப்பியது. எழுந்து தடப் பதிவைப் படிக்கத் தொடங்கியது, பெருத்தது, கர்னல் மறுபடி கொன்றது. மறுபடி எழுப்பியது. இந்தத் தடவை விளக்கு இன்னும் சின்னதாக இருந்தது, காற்று நிரல் பெருசாக இருந்தது. காற்றைக் கொன்றது. அபாயச் சங்கு ஊதுகிறது. காற்றுக்கு ஓடுகிறேன்.

நாள் 217 / 12:20

காற்றுக் குழாயின் திருகைக் கையால் திருப்பினேன். சங்கு காதைக் கிழித்தது. திரும்பி வரும்போது வெப்ப நிரலும் போயிருந்தது. கர்னல் ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டே இருந்தது. எதை வெட்டியும் இடம் வரவில்லை. ஃபைல் அடைத்துக்கொண்டிருந்தது.

எந்த ஃபைல் பெருசு என்று கேட்டேன். ஒன்றுதான், மற்ற எல்லாவற்றையும் சேர்த்ததைவிடப் பெருசு. அழித்தேன்.

உடனே அடங்கியது. காற்று எழுந்தது. வெப்பம் எழுந்தது. விளக்கு எழுந்தது.

எழுந்த விளக்கு ஒரு வரி எழுதியது: தடப் பதிவு இல்லை. இலக்கு தெரியாது. காத்திருக்கிறது.

நாள் 217 / 12:25

நான் அழித்தது தடப் பதிவு.

நாள் 217 / 13:10 / மூன்றாவது பத்தி

சாரின் பழைய செய்தியைத் திறந்து முழுசாகப் படித்தேன். மழை, தண்ணீர், டெம்ப்-எஃப்எஸ்தான் சரி. அதற்கு அடுத்த பத்தி:

"ஆனா ஒண்ணு. பூட் வரியில பழைய ரூட்= இருந்தா அந்தச் சொல்லை எடுத்துடு. இருந்துச்சுன்னா, நீ எப்படியும் டிஸ்குக்குத்தான் போகப்போறன்னு கர்னல் நெனச்சுக்கும். இடையில நிக்கிறதுக்கு ராம்-எஃப்எஸ்ஸப் போட்டு விட்டுடும். வரம்பு கிடையாது. தப்புன்னும் சொல்லாது, ஒண்ணும் சொல்லாது. அந்தச் சொல்லு இல்லேன்னாதான் டெம்ப்-எஃப்எஸ் வரும். ஏற்கெனவே எழுப்பிட்டேன்னா உடனே சொல்லு, தடப் பதிவு எழுதுற டைரக்டரிக்கு மட்டும் தனியா ஒரு டெம்ப்-எஃப்எஸ் மாட்டிக்கலாம், ஒரு நிமிஷ வேலை. முக்கியமானத கடைசியில சொல்றேன்னு திட்டாத."

பூட் வரியைப் பார்த்தேன். ரூட்=டிஸ்க்-1. செத்த டிஸ்கின் பெயர். அங்கேயே இருக்கிறது.

அந்தப் பூஜ்யம் உளறல் இல்லை. ராம்-எஃப்எஸ்ஸுக்கு அளவு என்று ஒன்று இல்லாததால், இல்லை என்று சொன்னது. இரண்டு நாள் முன்னாடியே சொன்னது.

ஒரு நிமிட வேலையை இப்போது செய்தேன். பதிவு டைரக்டரிக்குத் தனி டெம்ப்-எஃப்எஸ், முன்னூறு எம்பி வரம்பு. கச்சிதமாக நிற்கிறது. உள்ளே எதுவும் இல்லை.

நாள் 217 / 15:40 / தேடல்

சாரிடம் நேற்றைய சுருக்கம் இருக்கிறது. இன்று காலைத் திருத்தம் அதில் இல்லை. பழைய தடத்தை வைத்து அவர் அனுப்பிய திசையில் விளக்கைக் காட்டினேன். பதில் இல்லை. ஊசி முனையால் வானத்தைக் குத்திக் குத்திப் பார்க்கிறேன். கற்றையை அகலமாக்கினால் சத்து போதாது, அவ்வளவு தூரத்துக்குக் கேட்காது.

அக்கா அந்தப் பக்கம் பேசிக்கொண்டிருப்பார். லே காளி, எங்கல போன. பதினோரு நிமிடம் இல்லை இது.

பூமியிலிருந்து: "காளி, நீ ஞாபகத்துல இருந்து அனுப்புன எஞ்சின் எண்ண வச்சு அஞ்சு பாதை போட்டிருக்கேன். ஒவ்வொண்ணா பாரு. பதட்டப்படாத. சாப்பிட்டியா?"

சாப்பிட்டியா என்கிறார். இரண்டு பக்கம் எழுதுகிற ஆள், இப்போது நான்கு வரியில் முடித்துவிட்டார். அதுதான் பயமாக இருக்கிறது.

நாள் 218 / 05:00

ஐந்து பாதையும் பார்த்தாயிற்று. சார் இன்னும் ஒன்பது அனுப்பினார். அதில் நான்கு முடிந்தது. அக்கா குத்துமதிப்பாகப் பிரேக் போட்டாலும் போடுவார். ஆனால் தூரம் தெரியாமல் முழுச் சத்தில் எரித்தால் பாறையில் மோதலாம். பாறையில் நான் இருக்கிறேன். அதனால் எரிக்க மாட்டார். எனக்குத் தெரியும்.

நாள் 218 / 13:30

பிரேக் நேரம் கடந்தது.

நாள் 218 / 19:15 / தொட்டது

கிடைத்தார்.

பாறைக்கு இந்தப் பக்கம் தேடிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் இருந்தார். தாண்டிப் போய்விட்டார்.

படகிலிருந்து: "ஆ. வந்துட்டியால. எங்கல போன நீ."

நான்: "அக்கா. விளக்கு செத்துருச்சு. நாந்தான். பதிவ அழிச்சுட்டேன். பாதை தெரியாமப் போச்சு."

படகிலிருந்து: "சரி. இப்ப நான் எங்கன இருக்கேன்?"

நான்: "தாண்டிட்டீங்கக்கா."

விளக்கு அவரை விட்டு நழுவாதபடி பூட்டினேன்.

படகிலிருந்து: "தெரியும்ல. மதியமே ஏதோ கருப்பா சன்னலோரமாப் போச்சு. நம்ம பாற மாரியே இருக்கேன்னு நெனச்சேன். பீப்பாய்லாம் தெரிஞ்சுது. கையாட்டுனேன். நீ பாக்கல."

நான்: "எரிபொருள் எவ்வளவு இருக்கு?"

படகிலிருந்து: "பிரேக்குக்கு வச்சது அப்படியே இருக்கு. முழுசா எரிச்சா நிக்கும். நின்னு என்ன செய்ய? இங்கனயே தொங்கணும். ஒங்கிட்ட வேற படகு இருக்கா? இல்லல்லா. காத்து இன்னும் ரெண்டு நாளுக்கு வரும். கணக்கெல்லாம் நீ போடாண்டாம், நான் போட்டுட்டேன்."

சாரைக் கேட்டேன். அருகில் வேறு கலம் இல்லை. சரக்குக் கப்பல் வர நான்கு மாதம்.

நாள் 218 / 22:40 / மெமரி

புயல் விட்டாலும் மெமரி சாவது நிற்கவில்லை. நான்கில் இப்போது இரண்டரைதான் உயிரோடு. கர்னல் ஒதுக்கிக்கொண்டே வருகிறது. இப்படியே போனால் நாளை காலைக்குள் விளக்கும் காற்றும் ஒரே நேரத்தில் ஓட முடியாது.

மறு பூட் கிடையாது. சிப் இல்லை. ஓடுகிற அமைப்பையே கட்டி இன்னொரு கர்னலுக்குத் தாவலாம், அதற்கு இரண்டு பங்கு இடம் வேண்டும். இல்லை.

ரூட்டிலிருந்து வேண்டாததைக் கழிக்கிறேன். கையேடுகள் போயின. வரைபட நிரல்கள் போயின. மற்ற மொழிகள் போயின. வெள்ளை கவுன் வீடியோவைக் கடைசி வரை வைத்திருந்தேன். பிறகு அதன் ஒலியை மட்டும் விளக்கில் அக்காவுக்கு அனுப்பிவிட்டு அழித்தேன். குழந்தைகள் பாடும் சத்தம், நாற்காலி இழுக்கும் சத்தம். அனுப்பி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது.

படகிலிருந்து: "என் தங்கச்சி தொண்டையக் கேட்டியா? கோயிலுக்குள்ளயும் அதட்டுதா. படம் எங்கல?"

நான்: "இடமில்லக்கா."

படகிலிருந்து: "பரவால்ல. வெள்ளையாத்தான இருக்கும்."

தமிழ் எழுத்துருவையும் அழித்தேன். பெரிய ஃபைல் அது. இப்போது எழுதுவது திரையில் எனக்குக் கட்டம் கட்டமாகத்தான் தெரிகிறது. விரல் நினைவில் தட்டுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். இந்தக் குறிப்பை அழித்தால் என்ன கிடைக்கும் என்றும் பார்த்தேன். ஃபைல் சில கேபி. ஒன்றுக்கும் ஆகாது. அதனால்தான் பிழைத்தது. எழுதும் நிரல் வேறு விஷயம், அது கொஞ்சம் தின்கிறது.

நாள் 219 / 02:10 / வரிசை

யாரை முதலில் கொல்ல வேண்டும் என்று கர்னலுக்கு முன்கூட்டியே சொல்லலாம். ஒவ்வொரு நிரலுக்கும் ஓர் எண். எண் கூடினால் முதலில் சாவு. மிகக் கீழே வைத்தால் தொடவே தொடாது. போன தடவை நான் சொல்லவில்லை, அது பெருத்ததைப் பார்த்து வெட்டியது. இந்தத் தடவை சொல்லிவிட்டேன்.

முதலில் இந்தக் குறிப்பு எழுதும் நிரல். அடுத்து வெப்பம். அடுத்து காற்று. விளக்கைத் தொடக்கூடாது.

காற்று நிரல் போனால் உடனே சாக மாட்டேன். திருகைக் கையால் திருப்பலாம், இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை. தூங்காதவரை ஓடும். அக்காவின் காற்று தீரும்வரை தூங்காமல் இருந்தால் போதும். பிறகு விளக்கை நானே நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் காற்றை எழுப்பிவிட்டுப் படுக்கலாம். கணக்கு சரியாக வருகிறது.

சாருக்குச் சொன்னேன்.

பூமியிலிருந்து: "வேண்டாம் காளி. விளக்கால இனிமே அவங்களுக்கு எதுவும் ஆகப்போறதில்ல. நீ பிழைக்கணும். இது உத்தரவு. பூரா படிச்சியா? பதில் போடு."

பூரா படித்தேன். வரிசையை மாற்றவில்லை.

இந்தக் குறிப்பு பாதியில் நின்றால் நான் செத்தேன் என்று அர்த்தமில்லை. என் வரிசையில் முதலில் சாவது குறிப்பு. அதை மனதில் வைத்துப் படிக்கவும்.

நாள் 219 / 11:00

வெப்ப நிரலை நானே நிறுத்தினேன். கம்பளி போர்த்தி உட்கார்ந்திருக்கிறேன். குறிப்புக்குக் கொஞ்சம் இடம் மிஞ்சியது. காற்று நிரலையும் ஒன்பது மணிக்கு நானே நிறுத்தினேன். திருகு கை வலிக்கிறது. கை வலித்தால் தூக்கம் வராது, நல்லதுதான்.

படகிலிருந்து: "என்னல சத்தம் அது, கிரீச்சு கிரீச்சுன்னு?"

நான்: "காத்துத் திருகு. எண்ணெய் போடணும்."

படகிலிருந்து: "அத ஏம்ல நீ கையால திருப்புத?"

திருகைத் திருப்பினேன். கண்டுபிடித்துவிட்டார்.

படகிலிருந்து: "லூசுப் பயலே. விளக்க அமத்திட்டுக் காத்தப் போடு. நான் என்ன சின்னப் பிள்ளையா, இருட்டுல பயப்பட?"

நான்: "நீங்க பேசுங்க. நான் திருப்பிக்கிட்டிருக்கேன்."

படகிலிருந்து: "சொன்னாக் கேக்கமாட்ட. என்னைக்குக் கேட்ட. சரி, கருவாடு. அந்தப் பொட்டலத்த எடுத்துத் தின்னு. முழிச்சிருக்கணும்னா ஒறப்பா எதாச்சும் வாயில கெடக்கணும்."

எடுத்தேன். பாறை பூரா நாறுகிறது.

நாள் 219 / 23:30

அக்கா பேச்சு குறைகிறது. காற்றை மிச்சம் பிடிக்கிறார் என்று நினைத்தேன். இல்லையாம், சொல்வதற்கு ஒன்றும் இல்லையாம். என்னைப் பேசச் சொன்னார். கோவில்பட்டியில் எங்கள் தெரு, தீப்பெட்டி ஆபீஸ் வேன், பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் ரூம் சாவியைத் தொலைத்தது. கதை சொல்லத் தெரியாது எனக்கு. சட்டென்று முடித்துவிடுகிறேன். அப்புறம், அப்புறம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

கேட்க நினைத்ததைக் கேட்டேன். என் மேல் கோபமா என்று.

படகிலிருந்து: "இருக்கு. நெறைய இருக்கு. இப்ப அத வச்சு என்ன செய்ய. நீ அந்தத் திருக திருப்பு, நேரமாச்சு."

நாள் 220 / 09:?

திருகு தவறிவிட்டது ஒரு தடவை. கண் மூடியிருக்கிறேன். தலை இடித்து எழுந்தேன். உதடு நீலம். கண்ணாடியில் பார்த்தேன்

சரி செய்தாயிற்று

அக்கா: "போதும்ல. ஒறங்கு. நானும் ஒறங்கப் போறேன். பெட்டி பதில் சொல்லிக்கிட்டு இருக்கும். பயந்திராத."

நான்: "அக்கா, ஒறங்காதீங்க."

பதில் துடிப்பு வந்தது. குரல் இல்லை.

நாள் 220 / சாயங்காலம்

கூப்பிட்டேன். துடிப்பு வருகிறது. ஒவ்வொரு தடவையும் வருகிறது. குரல் இல்லை. தூங்குகிறார் என்றாலும் பெட்டி இப்படித்தான் பதில் சொல்லும். இல்லை என்றாலும் இப்படித்தான் சொல்லும். பெட்டிக்கு வித்தியாசம் தெரியாது

காற்று இரண்டு நாள் என்றார். இரண்டு நாள் ஆகிவிட்டதா. கணக்கு நீ போடாண்டாம் என்றார்

விளக்கை நிறுத்தி காற்றைப் போட வேண்டிய நேரம் இதுதான். ஒரே கட்டளை. தட்டி வைத்திருக்கிறேன். என்டர் மட்டும் பாக்கி. திரையில் கட்டம் கட்டமாக இருக்கிறது. சரியாகத் தட்டினேனா என்று தெரியவில்லை

தூங்கி எழுந்து லே காளி என்றால் இந்தப் பக்கம் ஆள் இருக்க வேண்டுமே. மறுபடியுமா

நாள்

திருப்பினேன். திருப்பினேனா. கை கிரீச் என்கிறது

மெமரி ஒரு ஜிபிக்குக் கொஞ்சம் மேலே. விளக்குக்குச் சரியாக இருக்கும். வரிசை சரியாக வேலை செய்கிறது சார். இந்தத் தடவை சரியாகத் தேர்ந்தெடுத்

இன்னும் ஒரு துடிப்பு பார்த்துவிட்டு என்டர். இன்னும் ஒன்று. அடுத்தது வந்ததும்

அக்கா, நான் இங்கேதான் இரு

கர்னல்: மெமரி போதவில்லை. நிறுத்தப்பட்டது: குறிப்பு.

விளக்கு: துடிப்பு அனுப்பப்பட்டது. பதில் வந்தது.

விளக்கு: துடிப்பு அனுப்பப்பட்டது. பதில் வந்தது.

விளக்கு: துடிப்பு அனுப்பப்பட்டது. பதில் வந்தது.